முப்பதைக் கடந்த பின் ப்ரீமெட்: எந்த போஸ்ட்பேக் படிப்பை, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?

நியூ ஜெர்சியிலிருந்து

வணக்கம். இங்கேயே பொருளியலில் பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் பணியாற்றிய பிறகு, 31ஆம் வயதில் மருத்துவம் படிக்க முடிவெடுத்தேன். மருத்துவமனைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யப் போன இடத்தில்தான் அந்த எண்ணம் முளைத்தது. பிளஸ் டூ முடித்ததும் நீட் எழுதி எம்பிபிஎஸ் சேரும் முறையை மட்டுமே அறிந்த ஊர் உறவினர்களுக்கு, அமெரிக்காவில் ஒரு பட்டம் பெற்ற பிறகுதான் நான்காண்டு எம்.டி. படிப்பில் சேர முடியும் என்பதையும், அந்தப் பட்டத்தில் அறிவியல் படிக்காதவர்கள் போஸ்ட்பேக் எனப்படும் தயாரிப்புப் படிப்பில் அதை ஈடுசெய்யலாம் என்பதையும் புரியவைக்கச் சில மாதங்கள் ஆயின.

உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்துடன் தலா ஓர் ஆண்டு படிக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இவற்றோடு உயிர்வேதியியலையும் பெரும்பாலோர் சேர்த்துக்கொள்கிறார்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் 2015இல் மாற்றியமைக்கப்பட்ட பிறகு உளவியலும் சமூகவியலும் தேவைப்படுகின்றன.

போஸ்ட்பேக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் உலவுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் மாதத்தை வீணாக்கினேன். அறிவியலை ஏற்கெனவே படித்துக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அதை உயர்த்திக்கொள்வதற்கானது ஒன்று; என்னைப் போல் வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கானது மற்றொன்று. பிரின் மார், கௌச்சர் கல்லூரிகளின் படிப்புகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சிறிய குழுவாகச் சேர்த்து, கோடையில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டில் அனைத்தையும் முடித்துவிடுகிறார்கள். 1955இல் தொடங்கிய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் படிப்பு அளவில் பெரியது, வழக்கமாக இரண்டு ஆண்டுகள் எடுப்பது.

என் தேர்வைத் தீர்மானித்தது ஓர் அறிமுகக் கூட்டம். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. தங்கள் மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்றார்கள் என்ற எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். பார்க்க மிகச் சிறப்பான எண்தான். கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, "இந்தப் பின்னத்தின் பகுதியில், அதாவது மொத்த எண்ணிக்கையில், யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். கூட்டத்தை நடத்திய அம்மையார் சற்றே நிதானித்துவிட்டு நேர்மையாகவே பதில் சொன்னார். எல்லாப் பாடங்களையும் முடித்து, குறிப்பிட்ட சராசரி மதிப்பெண்ணைக் காப்பாற்றி, குழுக் கடிதத்தை, அதாவது கல்லூரியின் குழு எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தை, பெற்று விண்ணப்பித்தவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் உண்டு. நடுவில் விலகியவர்களும், கடிதம் மறுக்கப்பட்டவர்களும் கணக்கிலேயே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் இடத்திலும் நான் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: தொடங்கியவர்கள் எத்தனை பேர், கடிதம் பெற்றவர்கள் எத்தனை பேர்? பதில் சொல்லத் தயங்கிய இடங்களை என் பட்டியலிலிருந்து நீக்கினேன். குழுக் கடிதம் தரும் வசதியுள்ள கல்லூரியில் படித்துவிட்டு அது இல்லாமல் விண்ணப்பித்தால், ஏன் இல்லை என்று மருத்துவக் கல்லூரிகள் விளக்கம் கேட்கும். ஆகவே கடிதத்தை எந்த அளவுகோலின்படி தருகிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

லிங்கேஜ் பற்றியும் நிறைய யோசித்தேன். பொதுவாக, பாடங்களை முடித்த ஜூனில் விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் மருத்துவக் கல்லூரியில் சேர முடியும்; இடையில் ஓர் ஆண்டு போய்விடும். லிங்கேஜ் ஒப்பந்தம் உள்ள கல்லூரிகளில், போஸ்ட்பேக் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து அந்த ஓராண்டை மிச்சப்படுத்தலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவதாக வாக்குறுதி அளிக்க வேண்டும் என்பதே அதற்குரிய நிபந்தனை. முப்பதைக் கடந்தவருக்கு ஓர் ஆண்டு சிறிய விஷயமன்று. ஆனால் கணவரின் வேலை நியூ ஜெர்சியில் இருக்கும் நிலையில் ஒரே கல்லூரிக்கு என்னைக் கட்டிப்போட மனம் வரவில்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். தயாரிப்புப் பாடங்களுக்கு அரசு தரும் மாணவர் கடன், பெற்றோரைச் சாராதவர்களுக்கு அதிகபட்சம் 12,500 டாலர்; அதுவும் தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு மட்டுமே. தனியார் கல்லூரியின் ஓராண்டுக் கட்டணத்துக்கு அது போதவே போதாது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு பட்ட மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் அரசுக் கடன் கிடையாது, எம்.டி. போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று அரசுக் கடனுக்கு வரம்பு விதித்திருக்கிறார்கள். போஸ்ட்பேக்கிலேயே சேமிப்பைக் கரைத்துவிட்டால் மருத்துவக் கல்லூரியில் கை கட்டப்பட்டுவிடும். இதனால்தான் ஓராண்டில் முடியும் முழுநேரப் படிப்புகளை விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் வேலை பார்த்தபடியே படிக்கக்கூடிய இரண்டு ஆண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் பருவத்தில் தரம்பார்த்தல் சோதனை. அமிலம் உள்ள குடுவையில் ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, பியூரெட்டின் குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாகக் காரத்தை இறக்க வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நின்றால் சரி. ஒரு சொட்டு கூடினாலும் நிறம் அடர்ந்துவிடும். மூன்று முறை தவறவிட்டு நான்காம் முறையில் நிறுத்தினேன். அதற்குள் பிற்பகல் முழுவதும் போயிருந்தது. பாடப் பட்டியலில் ஒற்றை வரியாகத் தெரியும் ஆய்வகம் கால அட்டவணையில் எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது என்று பார்த்த பிறகே வேலையைப் பற்றி முடிவெடுங்கள்.

டல்லாஸிலிருந்து

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. கோயம்புத்தூரில் பி.இ. முடித்து, மென்பொருள் வேலைக்காக இங்கு வந்து, கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகே இந்தப் பாதையில் இறங்கினேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை. எச்1பி, எச்4 விசாவில் இருக்கும் நண்பர்கள் கட்டணம் செலுத்துவதற்கு முன் இதை ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எனக்கு நேர்ந்த சிக்கல் வேறு. மதிப்பெண் பட்டியல்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனேன். முதலாமாண்டில் நான் படித்த இயற்பியலையும் வேதியியலையும் காட்டியபோது, அவர் கோப்பை மெதுவாக மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு, "இவை கணக்கில் சேராது" என்றார். பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் வெளிநாட்டு மதிப்பெண்களைச் சரிபார்ப்பதில்லை. போஸ்ட்பேக் படிப்புகள் பலவும் அமெரிக்கப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கு இங்கே படித்த 90 கிரெடிட்டுகள் (பாட அலகுகள்) வேண்டும். அன்றைக்கு மனம் உடைந்துதான் வீடு திரும்பினேன். ஆனால் அந்த மனிதர் உண்மையைச் சொல்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தால் இரண்டு ஆண்டுகளும் பணமும் போயிருக்கும்.

ஆகவே பெயர் பெற்ற படிப்பு எதிலும் நான் சேரவில்லை. பொதுப் பாடங்களைச் சமுதாயக் கல்லூரியிலும், அறிவியல் பாடங்களை மாநிலப் பல்கலைக்கழகத்திலும் படித்துவருகிறேன். குழுக் கடிதம் கிடையாது; ஒவ்வொரு பேராசிரியரையும் அவருடைய அலுவலக நேரத்தில் தவறாமல் சந்தித்து, என்னை அவர் அறியும்படி செய்துதான் கடிதம் பெற வேண்டும். இன்னொன்று, டெக்சாஸில் அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவரை 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். விண்ணப்பிப்பதும் டிஎம்டிசாஸ் என்ற தனி அமைப்பின் வழியாகத்தான். இங்கே வசிப்பவர்கள் போஸ்ட்பேக்குக்காக மாநிலத்தை விட்டுப் போவதற்கு முன், வசிப்பிடத் தகுதி என்னவாகும் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பாஸ்டனிலிருந்து

எனக்கு நான்கு வயது மகள் இருக்கிறாள். பகலில் படிக்க வழியே இல்லாததால் ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் பள்ளியின் மாலை வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் பருவத்துக்கு ஒரு பாடம் மட்டும் எடுத்தேன். முதல் பாடத்தில் ஏ கிடைத்த மகிழ்ச்சியோடு ஆலோசகரைச் சந்தித்தபோது, மதிப்பெண்ணைப் பாராட்டிவிட்டு, ஒரே நேரத்தில் பல அறிவியல் பாடங்களைத் தாங்க முடியும் என்பதற்கு இது சான்றாகாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த பருவத்தில் என் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியதால் இரண்டு பாடங்களைச் சேர்த்து எடுக்க முடிந்தது.

படிப்பை நீட்டிக்கொண்டு போகிறவர்கள் எம்கேட் மதிப்பெண்ணின் ஆயுளையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பல கல்லூரிகள் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதில்லை. சீக்கிரம் எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். உயிர்வேதியியல் முடியும்வரை பொறுக்கும்படி அதே ஆலோசகர் தடுத்தார். இப்போது கரிம வேதியியலின் இரண்டாம் பருவத்தில் இருக்கிறேன். செவ்வாய் இரவு ஆய்வகம் முடிந்து வீடு வந்து சேரும்போது மகள் தூங்கிப்போயிருப்பாள். அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்குக் கதை சொல்வது கணவரின் பொறுப்பு.