மறு: 'தௌ' என்பதற்கு 'தேவரீர்' சரிதானா?

ஐயா, நம் கலைச்சொல் பட்டியலில் பழைய ஆங்கில 'தௌ'வுக்கு (thou) நேரே 'தேவரீர், மரியாதை வழக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். நேர்மாறாக இருக்கிறது. அது மரியாதைச் சொல்லே இல்லை, நம்ம 'நீ'தான்.

எங்கே சறுக்கியது என்று புரிகிறது. இன்றைக்கு அந்தச் சொல் பைபிளிலும் ஜெபத்திலும்தான் காதில் விழுகிறது, தமிழிலோ அதே இடத்தில் 'உம்முடைய நாமம்' என்று படித்துப் பழகிவிட்டோம். ஆனால் 1611-ல் வந்த ஆங்கில பைபிள் ஆள் பார்த்துச் சொல்லை மாற்றவில்லை. ஒருவர் என்றால் தௌ, பலர் என்றால் யீ (ye), அவ்வளவுதான். ஆண்டவருக்கும் ஒருமைதான், 'அப்பாலே போ சாத்தானே' என்று விரட்டப்படுகிறவனுக்கும் ஒருமைதான்.

வெளியே பேச்சு வழக்கில் கதை வேறு. 1603-ல் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக் இந்தச் சொல்லையே வினையாக்கி அவர் முகத்துக்கு நேரே வீசினார். 'உன்னை நீ போட்டுத்தான் பேசுவேன், துரோகியே' என்கிற தொனி. பிறகு வந்த குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியைக்கூட ஒருமையில் அழைத்து உதை வாங்கினார்கள்.

ஆக, 'தௌ' போட்டுப் பேசுவதைக் குறிக்கும் அந்த வினைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். 'ஒருமையில் பேசுதல்' போதும், 'அதிகாரி ஒருமையில் பேசியதாகப் புகார்' என்று செய்தித்தாளிலேயே வருகிறதே.

அடுத்து, 'நீ', 'நீங்கள்' போல எதிரில் இருப்பவரைச் சாதாரணமாகவும் மரியாதையாகவும் அழைக்கும் வேறுபாட்டுக்குப் பட்டியலில் போட்ட அந்த 'டி-வி வேறுபாடு'. வீட்டில் வாசித்துக் காட்டினேன், எந்தக் கம்பெனி டிவி என்றார்கள்! லத்தீன் 'தூ', 'வோஸ்' இரண்டின் முதலெழுத்தை எடுத்து 1960-ல் பிரவுன், கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வைத்த குறி (T, V) அது, தமிழ் வாசகருக்கு எதற்கு? ஒருவரைப் பன்மையால் சுட்டுவதைத் தொல்காப்பியம் 'உயர்சொற் கிளவி' என்கிறது (வழக்கில் உண்டு, இலக்கணம் அல்ல என்று ஒரு கொட்டும் வைத்துவிட்டு). அதிலிருந்து 'உயர்முன்னிலை' என்று எடுக்கலாம், எதிர்ப்பக்கம் 'ஒருமை முன்னிலை'. நண்பர் சொன்ன 'நெருங்கு முன்னிலை' அழகுதான், ஆனால் கோக்குக்கும் ராலேக்கும் என்ன நெருக்கம்?

'நீர்' கூட முதலில் பன்மைதான், பிறகுதான் ஒருவருக்கான மரியாதையானது. ஆங்கில 'யூ' போன வழியும் அதேதான். நாம் அதற்கப்புறம் ஒரு 'கள்' சேர்த்துக்கொண்டோம், அவர்கள் 'நீ'யையே தொலைத்துவிட்டார்கள்.

சரி, 'தேவரீர்' மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'யீ'க்கு 'நீவிர்' என்று போடலாமா? ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.