பனியனின் முழு ஆயுளுக்கும் கணக்கு கேட்கும் பையர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: செக்கிங்_டேபிள்
திருப்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி கம்பெனியில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங், தையல், செக்கிங் மட்டுமே எங்களிடம். நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். ஜெர்மன் பையர் ஒருவர் பருத்தி வந்த இடம் முதல், கிழிந்த துணியை மீண்டும் நூலாக்க முடியுமா என்பது வரை ஒவ்வொரு ஸ்டைலுக்கும் எழுத்தில் கேட்கிறார். மென்பொருள் விற்பவர்கள் பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கினாலும் அதில் நிரப்ப விவரம் வேண்டுமே? நிட்டிங்காரர் தருவது ஒரு டெலிவரி சலான் மட்டும்தான்.

பதில்: சாய மாஸ்டர்
தம்பி, மென்பொருள் பிறகு. சாயப்பட்டறையில் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் சாயமேறும் துணித் தொகுதிக்கும், பேட்ச் கார்டு இருக்கும்: துணி எடை, சாயம், உப்பு, தண்ணீர். அதன் நகலைச் சலானோடு கேட்டு வாங்குங்கள். நூலின் லாட் எண் கட்டிங் வரைக்கும் கூடவே வரட்டும்.

ஷேடு சேரவில்லை என்று மறுபடி சாயம் போட்டால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இங்கே தொழில் என்றானது. ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டியில் பெரும்பகுதி தண்ணீர் திரும்பிவிடுகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கத்தான் விறகும் மின்சாரமும் அதிகம் செலவாகின்றன. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் எடுக்கும் இயந்திரமா, ஆறு லிட்டரில் ஓடும் இயந்திரமா என்று பட்டறையில் கேளுங்கள். தண்ணீரோடு உப்பும் விறகும் சேர்ந்தே குறையும்.

பதில்: பேட்டர்ன்_அக்கா
மாஸ்டர் ஐயா சொன்னது முன்பாதி. பின்பாதி சாம்பிள் போடும்போதே முடிவாகிவிடுகிறது. கழுத்து ரிப்பில் (கழுத்துப் பட்டியில்) கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூல், பாலியெஸ்டர் தையல் நூல், நெஞ்சில் தடித்த ரப்பர் பிரிண்ட் என்று சேர்த்துவிட்டு, பிறகு 'மறுசுழற்சிக்கு உகந்தது' என்று எழுத முடியாது. துணியைப் பிய்த்து நூலாக்கும் ஆலையில் ஸ்பான்டெக்ஸ் இழுபட்டு முடிச்சாகிவிடும். ரிப்பின் பின்னலை மாற்றிப் பாருங்கள். பல ஸ்டைல்களுக்கு ஸ்பான்டெக்ஸ் இல்லாமலே கழுத்து நிற்கும்.

கட்டிங் வேஸ்டை நிறவாரியாகப் பிரித்து விற்றால், பழைய பஞ்சிலும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் ஆலைகளில் மறுபடி சாயம் போடாமலே அந்த நிறத்தில் நூலாக்கலாம். கலந்த மூட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செக்கிங்_டேபிள்
நன்றி அக்கா. இதெல்லாம் சட்டமா, பையரின் விருப்பமா?

பதில்: பேட்டர்ன்_அக்கா
ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலுக்குகந்த வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் விவரங்களை மின்னணு முறையில் தரும் டிஜிட்டல் பாஸ்போர்ட் அதில் ஒரு பகுதி. ஆடைக்கான தனி விதிகள் பின்னால் வரும். அதுவரை காத்திருக்காதீர்கள். அதிகம் ஓடும் ஒரே ஒரு ஸ்டைலை எடுத்து, அடுத்த ஆர்டரில் நூல் முதல் பெட்டி வரை லாட் எண்ணைத் தொடர்ந்து எழுதிப் பாருங்கள். எந்த ஜாப் ஒர்க்கில் கணக்கு அறுகிறதோ அங்கே நேரில் போய்ப் பேசுங்கள்.