வயிற்றுப்போக்குக்கு இளநீர் மட்டும் போதுமா?

டயட்டீஷியன்:
போதாது. இளநீரில் தூக்கலாக இருப்பது பொட்டாசியம். 100 மில்லியில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம். சோடியம் அதைவிட மிகக் குறைவு. வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு சேர்ந்து முக்கியமாக வெளியேறுவதோ சோடியம். உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் உள்ளே போனால்தான் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி) கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் இருப்பது அதனால்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரை முழுசாக ஊற்றிக் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறிப்போய் உடம்புக்குக் கெடுதல். இடையிடையே இளநீர் குடிக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்திவிட்டு வேண்டாம். கைக்குழந்தை என்றால் இதில் துளிகூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

டயாலிசிஸ் நர்ஸ்:
அந்தப் பொட்டாசியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு காயில் 300 மில்லி இருந்தால் 600 மில்லிகிராமுக்கு மேல் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே தடம் மாற்றும். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில், லோசார்டன் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள், அவையும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். சிலருக்குக் கைகால் தளரும், படபடக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். இயற்கையானதுதானே என்று நினைத்துக் குடிப்பவர்களை எண்ணித்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இளநீரில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஒரு காயில் 10 கிராமையும் தாண்டலாம். அன்றைய சர்க்கரைக் கணக்கில் சேருங்கள்.

தென்னந்தோப்புக்காரர்:
ஆறேழு மாதக் காயில்தான் தண்ணீரும் இனிப்பும் நிறைவாக இருக்கும். முற்ற முற்றப் பருப்பு கெட்டியாகும், தண்ணீர் குறையும்.

வெட்டியதும் குடித்துவிடுங்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் சுத்தமான மூடிய பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளைத் தாண்ட விடாதீர்கள். இளஞ்சிவப்பாக மாறுவது காற்றுப்பட்டு நொதி வேலை செய்வதால். நிறத்தால் மட்டும் கெடுதல் இல்லை. புளிப்பு, நுரை, வழுக்கையில் கொழகொழப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள்.

மட்டை சீவி, ஸ்ட்ரா போட வசதியாக ஓட்டில் துளையிட்டு விற்கும் காயை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கவே கூடாது. துளை வழியாகப் பூஞ்சை இறங்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம் என்ற நச்சு மூளையைத் தாக்கும். டென்மார்க்கில் அப்படிக் கெட்ட காயின் தண்ணீரைக் குடித்த ஒருவர் இறந்தே போனார். அவர் விழுங்கியது கொஞ்சம்தான். வாயில் வைத்ததுமே ருசி மாறித் தெரிந்தால் விழுங்காமல் துப்பிவிட்டு, காயைப் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள்.