கிறுக்கு, பித்து, பைத்தியம்: எதை, யாரிடம் சொல்லலாம்?

கேள்வி (காரைக்குடி வாசகி):

என் கொழுந்தனார் மனச்சிதைவு நோய்க்குச் சில ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறார். மருந்தைத் தவறாமல் உட்கொள்வதால், வீட்டுக் கணக்கு வழக்குகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருக்கிறார். அண்மையில் எங்கள் வீட்டு மணிவிழாவில், இரண்டாங்கட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, உறவில் மூத்த ஆச்சி ஒருவர், "அந்தக் கிறுக்குப் பிள்ளை சாப்பிட்டுருச்சா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். அக்கறையோடு கேட்டதுதான், ஆனால் பரிமாறிக்கொண்டிருந்த கொழுந்தனார் சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனவர், விருந்து முடியும்வரை இறங்கி வரவில்லை. அதே ஆச்சி தம் பேத்தியை நாள் முழுவதும் "அடி கிறுக்கச்சி" என்றுதான் கொஞ்சுகிறார்; அந்தக் குழந்தையும் சிரிக்கிறது. இந்தச் சொற்களில் எது கொஞ்சல், எது வசை? நோயுற்றவரை எப்படிக் குறிப்பிடுவது?

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

அம்மா, இந்தச் சொற்கள் பலவும் உடம்பிலிருந்து பிறந்தவை. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் பித்தம் மிகுந்தால் அறிவு தடுமாறும் என்று பழைய வைத்தியம் கருதியதால், பித்து, பைத்தியம் இரண்டுமே பித்தத்தோடு உறவுடையவை. கிறுக்கு என்பதற்குத் தலைச்சுற்றல் என்ற பொருளும் உண்டு. லூசு பிற்காலத்தில் ஆங்கிலத்திலிருந்து வந்து, நம்மவர் சொல்லும் 'மரை கழன்றவன்' என்பதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பிறப்பைவிட, சொல் எதனோடு சேர்கிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய மரச்சாமான்களையும் பீங்கான் சாடிகளையும் தேடி அலைகிறவரைப் 'பழம்பொருள் பைத்தியம்' என்றால் அவரே மகிழ்ந்து தலையாட்டுவார். முன்னால் ஒரு பொருளின் பெயர் வந்துவிட்டதால், அங்கே பைத்தியம் என்பது தீராத ஈடுபாட்டைக் குறிக்கிறது. அந்த முன்சொல்லை எடுத்துவிட்டு 'அவர் ஒரு பைத்தியம்' என்றால் அது மனிதரையே சுட்டிவிடும். பித்து இவற்றுள் மென்மையானது. 'பெற்ற மனம் பித்து' என்னும் பழமொழியில் அது அளவிறந்த அன்பு; தம்மை வழக்குக்கு இழுத்த முதியவரைப் பித்தன் என்று ஏசிய சுந்தரர், அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துத் திருவெண்ணெய்நல்லூரில் சிவபெருமானைப் பாடினார். வெறி அப்படியன்று, சாதிவெறி, மதவெறி என்று கொடுமையின் பக்கமே நெடுங்காலம் நின்ற சொல்லை, இன்றைய பிள்ளைகள் 'வெறித்தனம்' என்று பாராட்டாக்கிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததற்கும் இதுவே விளக்கம். நோயில்லாத பேத்தியின் மீது அச்சொல் ஒட்டாமல் விளையாட்டாக உதிர்ந்துவிடுகிறது. நோயோடு போராடி மீண்டவர் மீது அது அப்படியே படிந்துவிடுகிறது.

பதில் (இராமநாதபுரம், மனநலப் பிரிவுச் செவிலியர்):

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஊர்ப் பெயர்களையும் சேர்க்க வேண்டும். சென்னைப் பக்கம், அங்குள்ள மனநல மருத்துவமனையை வைத்து 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பதைப் போல, நம் பகுதியில் 'ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அதை அறிந்தவர் வாயில் அந்தக் கேலி வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனையில் நாங்கள் மனச்சிதைவு, மனச்சோர்வு, இருமுனை மனநோய் என்று நோயின் பெயரைச் சொல்கிறோம். ஆளைக் குறிக்கும்போது 'மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்' என்கிறோம். 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே பைத்தியம் என்று பொருள்படும் சொல் இருந்தது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ மனநோய் உள்ள நபர் என்றே பேசி, கண்ணியத்தோடு வாழும் உரிமையையும் அவருக்கு உறுதிசெய்கிறது. வீட்டுப் பேச்சில் இவ்வளவு நீளம் தேவையில்லை. 'தம்பிக்கு உடம்புக்கு முடியாம இருந்துச்சு, இப்ப மருந்து சாப்பிடுது' என்பது சரியான தமிழ், உண்மையும் அதுவே.

பதில் (பள்ளத்தூர் வாசகி):

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வாழ வந்தவள். எங்கள் ஊரில் 'கோட்டி' என்போம். 'கோட்டிக்காரி' என்று தோழிகளுக்குள் அன்பாகவும் அழைத்துக்கொள்வோம். ஆயினும் தெருவில் உண்மையாகவே நோயுற்ற ஒருவர் நடந்து போகும்போது அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் எங்கள் அம்மா அதட்டுவார். கொஞ்சுவதற்கு வேறு எத்தனையோ சொற்கள் இருக்கும்போது, உங்கள் கொழுந்தனார் இருக்கும் இடத்தில் பேத்தியையும் அப்படி அழைக்காமலிருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. எண்பதைக் கடந்த ஆச்சியிடம், மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

சபையில் திருத்த வேண்டாம். தனியே இருக்கும்போது, "ஆச்சி, தம்பி அன்னைக்குச் சாப்பிடவே இல்லை" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். சாப்பிட்டானா என்று முதலில் கேட்டவரே அவர்தான். காரணத்தையும் அவரே கேட்பார், அப்போது சொல்லுங்கள்.