பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு எஞ்சின் ஆயில்: 5டபிள்யூ-40ஆ, 20டபிள்யூ-50ஆ?

சிறுவாணித்தண்ணி
2005 மாடல் ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 டர்போ, 20 வால்வு, 150 குதிரை, ஓட்டம் 1,40,000 கி.மீ. வாரநாள்ல கோயமுத்தூருக்குள்ள நாலஞ்சு கிலோமீட்டர்தான், ஞாயித்துக்கெழமை கோத்தகிரி இல்லீனா வால்பாறை. மலையேறி நிறுத்துனா ஐடிலிங்ல செவப்பு ஆயில் லைட்டு லேசா மின்னுது. கையேட்டுல ஃபோக்ஸ்வாகன் 502 00 தரம்னு போட்டிருக்கு. பட்டறைல கேட்டா 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றாங்க. எதுங்க சரி?

சங்ககிரி டீசல்
பட்டறைக்காரர் சொன்னதுல தப்பே இல்லீங்க. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் வெறும் குளிர் கணக்கு. 5டபிள்யூன்னா மைனஸ் 30லயும் செல்ஃப் சுத்தணும், 20டபிள்யூன்னா மைனஸ் 15ல சுத்துனாப் போதும். ஈரோட்டுல எந்த மார்கழில மைனஸ் வந்துச்சு? பாக்க வேண்டியது பின்னாடி நம்பர். 100 டிகிரில 40 கிரேடு 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக் (ஆயில் கெட்டியோட அளவு), 50 கிரேடு அதுக்கு மேல 21.9 வரைக்கும். தேஞ்ச பேரிங்ல இடைவெளி எச்சு. அதுக்கு கெட்டி ஆயில்தான் நிக்கும். லைட்டும் அணையும்.

இருபது வால்வு
லைட்டு அணையும். அதுதான் ஆபத்தே.

மைனஸ் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா காலைல 25 டிகிரில ஸ்டார்ட் பண்றப்பவும் ரெண்டும் ஒண்ணு இல்ல. 40 டிகிரில 5டபிள்யூ-40 ஏறக்குறைய 80, 90 சென்டிஸ்டோக். 20டபிள்யூ-50 150க்கு மேல. டர்போ பேரிங்குக்கும் மேல வால்வை அமுக்கற ஹைட்ராலிக் டேப்பட்டுக்கும் ஆயில் போய்ச் சேர அந்த அளவுக்கு லேட்டாகும்.

இந்த எஞ்சினோட சீக்கு பேரிங்ல ஆரம்பிக்கறதில்ல, ஸ்ட்ரெய்னர்ல, அதான் பம்பு ஆயிலை இழுக்கற குழாய் வாய்ல இருக்கற வடிகட்டி வலைல. டர்போ சூட்டுல ஆயில் கருகி, எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை வெளிய இழுக்கற பிசிவி ஹோஸ் பிஞ்சு ஈரம் உள்ளயே தங்கி, சேம்பர்ல (எஞ்சின் அடில ஆயில் நிக்கற தொட்டி) தார் மாதிரி கசடு படியும். அது ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். இதே 1.8 டர்போவை நீளவாக்குல வெச்ச பஸாட்டுக்கும் ஆடி ஏ4க்கும் கசடுத் தொல்லைக்காக 2004ல அமெரிக்காவுல வாரண்டியை 8 வருசமா நீட்டுனாங்க. அதுல சேம்பர் இன்னும் சின்னது. ஆக்டேவியாவுல குறுக்கு எஞ்சின், கொஞ்சம் தப்பிச்சுது, அவ்வளவுதான்.

பம்பு ஆயிலைத் தள்ளறப்ப எத்தனை பார் வேணும்னாலும் தள்ளும். இழுக்கறப்ப அதுக்குத் துணை வெளிக்காத்தோட ஒரு பார் அழுத்தம் மட்டும். பாதி அடைச்ச வலைல கெட்டி ஆயிலை இழுக்கச் சொன்னா, ஆயிலுக்குப் பதிலா குமிழி வரும். அதுவும் குளிர்ந்த எஞ்சின்ல, காலைல முறுக்குனீங்கனா.

தென்னந்தோப்பு
ஆக்டேவியா எப்பங்க ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சு? டிக்கி 528 லிட்டர். பொள்ளாச்சித் தேங்கா ரெண்டு மூட்டை தாராளமா ஏறும். 😄

சங்ககிரி டீசல்
கசடுதானுங்க பிரச்சினைன்னா லாரிக்கு ஊத்தற 15டபிள்யூ-40 சிஐ-4 பிளஸ் ஊத்துங்க. கழுவற கெமிக்கல் அதுல எச்சு, விலையும் பாதி. இல்லீனா பழைய ஆயில்லயே எஞ்சினைக் கழுவற ஃப்ளஷ் ஒரு டப்பா ஊத்தி பத்து நிமிசம் ஓட்டி எறக்குங்க.

இருபது வால்வு
ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம் அண்ணா. சுவத்துல ஒட்டியிருக்கற கசடைப் பேத்து ஒட்டுக்கா வலைல கொண்டுபோய் அப்பும். நல்லா இருக்கற எஞ்சினுக்கு ஃப்ளஷ் தேவையில்ல, கசடு புடிச்சதுக்கு ஃப்ளஷ் கூடாது.

லாரி ஆயில் மோசமில்ல. ஆனா அதோட பரிசோதனை டீசல் புகைக்கரியை வெச்சு நடந்தது. 502 00 வேற பரீட்சை. பெட்ரோல் எஞ்சின்ல ஆயில் எவ்வளவு சீக்கிரம் கெட்டியாகுது, எவ்வளவு படியுதுன்னு பாத்துத்தான் அனுமதி குடுப்பாங்க. டப்பா பின்னாடி "502 00 / 505 00", கூடவே ஐரோப்பியத் தரம் ஏ3/பி4 இருக்கணும். ஏ3/பி4னா 150 டிகிரில, வேகமா அரைபடறப்பவும் 3.5 சென்டிபாய்ஸுக்குக் குறையாத கெட்டி. தேஞ்ச எஞ்சினுக்கு நீங்க கேக்கற பலம் அதுலயே இருக்கு. தேய்மானம் தடுக்கற துத்தநாகம் பத்தாதுன்னு பயப்படவும் வேண்டாம், அதுவும் பாஸ்பரஸும் ஒரே கெமிக்கல்லதான் வருது. அமெரிக்க ஏபிஐ தரத்தோட பாஸ்பரஸ் கட்டுப்பாடு 30 கிரேடுக்கும் அதுக்குக் கீழயும்தான், 40 கிரேடைத் தொடாது.

தண்ணியண்ணா, செய்ய வேண்டியது இது. ஃபில்டர் ஹவுசிங்ல இருக்கற பிரஷர் ஸ்விட்ச்சைக் கழட்டி மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. பாதி நேரம் ஸ்விட்ச்சே பொய் சொல்லும். கேஜும் கம்மியாக் காட்டுனா சேம்பரை எறக்குங்க. பிளைவீல் பக்கம் ரெண்டு போல்ட்டு மறைஞ்சிருக்கும், அதைப் பாக்காம நெம்புனா அலுமினியச் சேம்பர் வெடிச்சுரும். ஸ்ட்ரெய்னர் குழாயைக் கழுவறதை விட புதுசு போடறது நல்லது, ஓ-ரிங்கும் புதுசு. பழசு காத்தை இழுக்கும். பிசிவி ஹோஸை ஒட்டுக்கா மாத்திருங்க.

சேம்பருக்கு கேஸ்கெட் கிடையாது, பேஸ்ட்தான். இங்கதான் நெறையப் பேர் கோட்டை விடறாங்க. கோடு 2, 3 மி.மீ. கனம், போல்ட்டு ஓட்டைக்கு உள்பக்கமா. கனமா அப்புனா மிச்சம் உள்ள பிதுங்கி விழுந்து புது ஸ்ட்ரெய்னரையே அடைக்கும். பேஸ்ட் போட்டு அஞ்சு நிமிசத்துக்குள்ள சேம்பரை ஏத்தணும், அரைமணி காய விட்டு அப்பறம் ஆயில். டிரெய்ன் நட்டு புதுசா போட்டு 30 நியூட்டன் மீட்டர். ஃபில்டரோட மொத்தம் சுமார் 4.5 லிட்டர் புடிக்கும். நாலு ஊத்திட்டு, ஃபியூல் பம்ப் ஃபியூசை உருவி, லைட்டு அணையற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் சுத்துங்க. அப்பறம் ஸ்டார்ட் பண்ணி, நிறுத்தி, டிப்ஸ்டிக் பாத்து மிச்சம்.

முதல் ஆயிலை 1,000 கி.மீ.ல எறக்கிருங்க, கருப்பாத்தான் வரும். அதுக்கப்பறம் 5,000 இல்ல ஆறு மாசம். நாலஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துல ஆயில் சூடே ஆகாது, உள்ள சேந்த பெட்ரோலும் ஈரமும் அப்படியே நிக்கும். இப்ப 20 சதவீத எத்தனால் வேற.

செட்டிபாளையம் லேப்
நடுவுல ஒண்ணு. நம்ம கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல பதினஞ்சு நிமிசம் அமுக்குனா ஆயில் 120 டிகிரியைத் தாண்டும். அங்க 40 கிரேடு மெலிஞ்சு போவுது. டிராக்குக்குப் போற வண்டிக்கு ஏ3/பி4 போட்ட 5டபிள்யூ-50. ஓட்டி முடிச்சு வாரத்துல மாத்திரணும். மலைக்கு மட்டும் போறவங்களுக்கு அது தேவையில்ல. மேல போனதும் ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் ஐடில்ல விட்டு நிறுத்துனாப் போதும், டர்போல ஆயில் கருகாது.

சங்ககிரி டீசல்
ஸ்ட்ரெய்னர் விசயத்தை ஒத்துக்கறேனுங்க. கேஜ் வெக்காம கெட்டி ஆயில் ஊத்தறது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒடைச்ச கதைதான். ஆனா வலையும் புதுசு, பம்பும் சரி, 5டபிள்யூ-40 ஊத்தியும் சூட்டுல முள்ளு எந்திரிக்கல. அப்ப?

இருபது வால்வு
அப்ப பேரிங் ஷெல். சேம்பர் எறங்கியிருக்கறப்பவே கனெக்டிங் ராடு மூடி ஒண்ணைக் கழட்டிப் பாத்துருங்க. மேல வெள்ளைப் பூச்சு போய் செம்பு தெரிஞ்சா ஆயில் பேச்சை நிறுத்திரலாம். மூடியைத் திருப்பி மாட்டறப்ப புது போல்ட்டு, பழசு நீண்டிருக்கும்.

சங்ககிரி டீசல்
ஷெல்லு வர்ற வரைக்கும் வண்டி நிக்கணுமாக்கும்? அதுவரைக்கும் 15டபிள்யூ-50.

இருபது வால்வு
5டபிள்யூ-50ன்னா சரிங்ணா. 3,000 ஆர்பிஎம்முக்கு மேல ஏத்தக் கூடாது, வால்பாறை கூடவே கூடாது.

சிறுவாணித்தண்ணி
கேஜ் வாங்கியாச்சுங்க. ஸ்விட்ச் திருகு என்ன சைஸ்?

இருபது வால்வு
எம்10, பிட்ச் 1. கேஜோட வர்ற அடாப்டர்ல பாருங்க, 1/8 பைப் திரெட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஏறும், ரெண்டு சுத்துல அலுமினியத்தைக் கடிச்சுரும்.