நிலவுப் பயணப் படத்தில் ஸ்பெயின் கொடி எப்படி வந்தது?

ராயபுரம் வாசகர்:
வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் படிப்பகத்தின் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, ஜார்ஜ் மெலியே 1902-இல் எடுத்த 'நிலவுக்கு ஒரு பயணம்' என்ற பிரெஞ்சு மௌனப் படத்தின் வண்ணப் பிரதியைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். பீரங்கி வெடிக்கும் கட்டத்தில் ஆட்டப்படும் கொடி சிவப்பும் மஞ்சளுமாக இருப்பதைக் கண்ட ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இது பிரான்ஸ் கொடி இல்லையே!" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தை மீட்டவர்கள் கணினியில் நிறத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களா? அப்படியென்றால் மற்ற வண்ணங்களை எதை வைத்து நம்புவது?

கொருக்குப்பேட்டை, திரைப்படப் பாதுகாப்பு மாணவர்:
மாணவியின் கண் கூர்மையானது. ஆனால் பழி கணினியைச் சேராது. அந்தப் பிரதி 1993-இல் பார்சலோனாவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஸ்பெயினில் திரையிடுவதற்காகவே அதற்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பதற்குக் கொடியையே சான்றாகக் காட்டுவார்கள். அந்நாளில் 24 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஃபிரேமின் (சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப் படத்தின்) மேல் தூரிகையால்தான் சாயம் தீட்டினார்கள். நிறம் சட்டையின் ஓரத்தைத் தாண்டித் துடிப்பதை அடுத்த முறை கவனியுங்கள். அது கையின் நடுக்கம்.

கிடைத்தபோது சுருள் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாக இறுகியிருந்தது. பழைய படங்களை மீட்கும் பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் நிறுவனத்தார் 1999-இல் தொடங்கி, அதை இளக்கிச் சிறிது சிறிதாகப் பிரித்து, பிரிந்தவற்றைப் படம் பிடித்து வைத்தார்கள். சிதறிய துண்டுகளைச் சேர்க்கும் கணினி வேலை 2010-இல்தான் கைகூடியது. 2011-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் படம் திரையேறியது. அழிந்துபோன பகுதிகளுக்குக் கருப்பு வெள்ளைப் பிரதிகளிலிருந்து ஃபிரேம்களை எடுத்து, பக்கத்து நிறங்களுக்கு ஒத்தபடி சாயமேற்றியிருக்கிறார்கள். ஆகவே பழைய சாயமும் நம் காலத்துச் சாயமும் அருகருகே இருக்கின்றன. இதை நான் குறையாகக் கருதவில்லை. பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடலாம்.

வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆபரேட்டர்:
தம்பி சொன்னதோடு ஒரு கணக்கு. மொத்தம் 13,375 ஃபிரேம்கள். அடிக்கு 16 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 836 அடி; ஆயிரம் அடி ரீல் ஒன்றுக்குள் அடங்கிவிடும். நொடிக்கு 14 வீதம் ஓட்டினால் 16 நிமிடம் வரும். பேசும் படத்துக்குரிய 24-இல் ஓட்டினால் ஒன்பது நிமிடத்தில் முடிந்து, மனிதர்கள் எறும்புகளைப் போல ஓடுவார்கள். நீங்கள் காட்டியது எத்தனை நிமிடம் ஓடியது?

மெலியே காலத்துப் படச்சுருளான நைட்ரேட் ஃபிலிமை நான் தொட்டதில்லை. எங்கள் காலத்தில் அதற்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம், அது கெட்டால் காடி வாடை வீசும். நைட்ரேட்டோ முதலில் பிசுபிசுக்கும், பிறகு கட்டியாகும், கடைசியில் பொடியாகிவிடும். நம் ஊரில் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமான 'கீசக வதம்' ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. மெலியேவும் 1923-இல் தம் நெகட்டிவ்களைத் தாமே எரித்தவர்தான். ஆனால் அவர் விற்ற பிரதிகள் பல நாடுகளுக்குப் போயிருந்ததால் தேட இடம் இருந்தது.

ராயபுரம் வாசகர்:
இருவருக்கும் நன்றி. ஐயா, எங்கள் வேட்டித் திரையில் அது பதினைந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடியது. கொடியின் கதையை மாணவியிடம் சொன்னேன். "அப்போ பிரான்ஸில் ஓடினதுல கொடி என்ன நிறம்?" என்று அடுத்த கேள்வியோடு நிற்கிறாள்.