தெருவில் சங்கம் வைக்கும் கேமரா: சான்று எது, பதிவு யார் கையில்?

ஆணிவேர்:
எங்கள் தெரு நலச்சங்கம் 8 கேமரா போடப் போகிறது, எல்லாம் பொதுச்சாலையைப் பார்ப்பவை. கொட்டேஷன் தந்தவர் "பி.ஐ.எஸ். இருக்கு, எஸ்.டி.கியூ.சி.யும் இருக்கு" என்கிறார், காகிதம் காட்டவில்லை. இரண்டும் ஒன்றுதானா? எப்படிச் சரிபார்ப்பது? பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கணும்?

கம்பிக்காரன்:
இரண்டும் ஒன்றில்லைங்க. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தரும் பதிவு பழையது. ஐ.எஸ். 13252 என்ற தரத்தின்படி ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்ப்பது. 2024 ஏப்ரலில் மத்திய மின்னணுத் துறை அதோடு சைபர் பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தது. 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம். போர்டில் யூஆர்ட், ஜேடேக் (பழுது பார்க்க உள்ளே நுழையும் வழிகள்) முனைகள் திறந்து கிடக்கிறதா, தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பமில்லாத ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருள்) கேமரா ஏற்கிறதா என்பதெல்லாம் இதில்தான் வரும். அதைச் சோதித்துச் சான்று தருவது அத்துறையின் எஸ்.டி.கியூ.சி. அமைப்பு.

அட்டைப்பெட்டியை நம்பாதீங்க. கேமரா முதுகில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் 'ஆர்' எழுத்தும் 8 இலக்கமும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைப் போட்டால் பதிவு யார் பெயரில் என்று வரும். பிறகு எஸ்.டி.கியூ.சி. சான்றின் நகலை வாங்கி, மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. ஒரு மாடலின் சான்றைக் காட்டி இன்னொரு மாடலைத் தலையில் கட்டுவார்கள். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கும். பில்லிலும் அதே மாடல் எண் வரணும், "4 எம்.பி. (மெகாபிக்சல்) புல்லட், நல்ல கம்பெனி" என்று வெறுமனே எழுதிய கொட்டேஷனில் கையெழுத்தே போடாதீங்க.

சான்று கேமராவுக்குத்தான், மாட்டுகிற வேலைக்கு இல்லை. என்.வி.ஆர். (பதிவைச் சேமிக்கும் பெட்டி) பாஸ்வேர்ட் 'அட்மின்123', ரவுட்டரில் வெளியிலிருந்து நேரே நுழைய வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் என்று விட்டுப் போனால் எந்தச் சான்றும் காப்பாற்றாது.

மனுநீதி:
தெருக் கேமராக்களை மேற்பார்க்க இங்கே தனி ஆணையர் கிடையாது. பிரிட்டனில் 2012 சட்டம் அப்படி ஒரு பதவியை உண்டாக்கியது. 2013-ல் 12 கோட்பாடுகளோடு நெறிமுறையும் வந்தது. உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்ன மேற்பார்வைக் குழுவும் 18 மாதச் சேமிப்பும் காவல் நிலையங்களுக்கு. அதைத் தெருவுக்குச் சொல்லி பெரிய டிஸ்க் விற்கப் பார்ப்பார்கள், ஏமாறாதீங்க.

ஆகவே சங்கமே தீர்மானம் போடணும்: பாஸ்வேர்ட் இருவரிடம் மட்டும், யார் கேட்டார், எந்தக் கேமரா, எத்தனை மணி, எதற்கு என்று ஒரு நோட்டு, வாட்ஸப் குழுவில் கிளிப் போட அறவே தடை. எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தால் கேமரா செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் போட்டு அந்த இடத்தை மறையுங்க. கம்பம் மின்வாரியத்துடையதா மாநகராட்சியுடையதா என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்க.

30 நாள் போதும். ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் ஒரு கேமராவுக்கு 2 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் நாளுக்கு 21.6 ஜி.பி.; 8 கேமரா, 30 நாளுக்கு 5.2 டி.பி. சுமார். 6 டி.பி. சர்வைலன்ஸ் டிஸ்க் ஒன்று.

போலீஸ் கேட்டால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ம் பிரிவில் எழுத்து நோட்டீஸ் வாங்கிக்கொண்டு நகல் கொடுங்க. மானிட்டரை செல்போனில் படமெடுத்துக் கொடுப்பது வீண் வேலை. என்.வி.ஆரிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்து, எஸ்.ஹெச்.ஏ-256 ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எடுத்து, பாரதிய சாட்சிய சட்டம் 63(4) பிரிவின் படிவத்தில் அந்த எண்ணை எழுதணும். 'அ' பகுதி உங்களுடையது, 'ஆ' பகுதி நிபுணருடையது.

ஆணிவேர்:
நன்றி. தெருமுனையில் ஒரே கேமரா வைத்தால் முகம் தெரியுமா?

கம்பிக்காரன்:
ஆளை அடையாளம் காண, படத்தில் தெரியும் இடத்தின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேணும். 4 எம்.பி.க்கு அகலம் 2560 பிக்சல், ஆக 10 மீட்டர் அகலம் வரைதான். அதைத் தாண்டினால் "சிவப்புச் சட்டை" வரைக்கும்தான் சொல்ல முடியும். உயரம் 3.5 மீட்டரைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் தொப்பிதான் தெரியும். என்.வி.ஆர். கடிகாரத்தை என்.டி.பி.யில் (இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) இணையுங்க, உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோனால் மின்வெட்டுக்குப் பிறகு தேதியே மாறிவிடும். அப்புறம் அந்தப் பதிவை வக்கீல் கிழித்துவிடுவார்.